படம் நிற்கும், பாட்டு நகரும்

நேயர்களுக்கு வணக்கம். குறும்படம் எடுக்கும் பிள்ளைகளும், திருமண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்க்கும் எடிட்டர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு நல்லா இருக்கு, ஆனா படத்தோட உட்காரலையே, எங்க வெட்டுறது?" வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. இன்று அவற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

படத்துக்கும் பாட்டுக்கும் கணக்குப் போடுவது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த பழக்கம் இல்லை. 1930களிலேயே ஹாலிவுட்டில் ஃபிலிமின் ஒலித்தடத்தில் துளை போட்டு, அது எழுப்பும் 'டிக்' சத்தத்தை இசைக்கலைஞர்களின் காதில் ஒலிக்க விட்டு வாசிக்க வைத்தார்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படச் சட்டங்கள். 12 ஃபிரேமுக்கு ஒரு டிக் என்றால் நிமிடத்துக்கு 120 பீட், அதாவது 120 தாளத் தட்டு. இன்று மென்பொருள் செய்வதும் இதே கணக்குதான்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம், அதாவது டெம்போ, நிமிடத்துக்கு 96 பீட். அப்படியென்றால் ஒரு பீட் 0.625 நொடி, நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று, அதாவது ஒரு பார், 2.5 நொடி. முன்னிசை எட்டு பார், பல்லவி எட்டு பார், மொத்தம் 40 நொடி. ஆனால் படத்தில் கதவு திறந்து அம்மா வெளியே வருவது 41ஆவது நொடியில். இடையிசை அங்கேதான் எழ வேண்டும். ஒரு நொடி இடிக்கிறது.

பல்லவியின் கடைசி வரியை இழுத்து ஒட்டலாம் என்றுதான் முதலில் கை போகும். வேண்டாம். மாறாக, பதினாறு பாரிலும் உள்ள 64 பீட்டையும் சமமாக 41 நொடிக்குப் பரப்பினால் டெம்போ ஏறக்குறைய 93.66 ஆகிறது. இரண்டரை சதவீதம்கூடக் குறையவில்லை, கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. குரல் இன்னும் பதிவாகவில்லை என்றால் இதுதான் சுத்தமான வழி. பதிவாகிவிட்டது என்றாலும் இந்த அளவு நீட்டலை இன்றைய மென்பொருள்கள் தாங்கும். இரண்டு பீட் மட்டும் உள்ள ஒரு பாரை நடுவில் செருகியும் நேரத்தை நிரப்பலாம். ஆனால் தொடையில் தாளம் போட்டுக் கேட்கும் நம் ரசிகர்களுக்கு அது உடனே தட்டும். பாட்டு ஓடும் இடத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன், இடையிசையில் என்றால் சரி.

இடைவெளி ஒரு நொடியாக இல்லாமல் ஐந்து நொடியாக இருந்தால்? அப்போது டெம்போவைத் தொடாதீர்கள், முன்னிசையில் இரண்டு பார் கூட்டுங்கள். இசை மென்பொருள்களில், லாஜிக் ப்ரோவில் அரேஞ்ச்மென்ட் மார்க்கர், கியூபேஸிலும் ஸ்டுடியோ ஒன்னிலும் அரேஞ்சர் ட்ராக் என்று இதற்கென்றே வசதி இருக்கிறது. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று பகுதிகளுக்குப் பெயர் வைத்துவிட்டால், லாஜிக்கில் அந்தப் பெயரைப் பிடித்து நகர்த்தும்போது அதன் கீழே உள்ள எல்லா ட்ராக்கும் சேர்ந்தே நகரும். வயலினை நகர்த்திவிட்டுத் தபேலாவை மறந்துபோகும் ஆபத்து இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். வீடியோ ஓடுவது நொடிக் கணக்கில், பாட்டு ஓடுவது பீட் கணக்கில். அதே ப்ராஜெக்டில் கதவுச் சத்தமும் வசனமும் இருந்தால், டெம்போவை மாற்றியதும் அவையும் பாட்டோடு நகர்ந்துவிடும், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் ஆகிவிடும். அவற்றை முதலிலேயே நேரத்தோடு பூட்டி வையுங்கள். லாஜிக்கில் எஸ்.எம்.பி.டி.இ. லாக், கியூபேஸில் ட்ராக்கை லீனியர் டைம்பேஸுக்கு, அதாவது நொடிக் கணக்குக்கு, மாற்றுவது.

வெட்டும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார் தொடங்கும் கோட்டில் கத்தரித்தால் போதும் என்று மென்பொருள் காட்டும். நம் பாட்டுகள் அப்படி அமைவதில்லை. அதீத எடுப்பில் பாடகர் தாளம் விழுவதற்கு முன்பே தொடங்கிவிடுவார். கோட்டில் வெட்டினால் சரணத்தின் முதல் எழுத்து போய்விடும். வாத்தியங்களைக் கோட்டில் வெட்டுங்கள், குரலை மட்டும் அதன் மூச்சு தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். அதேபோல முந்தைய பகுதியின் ரிவெர்ப், அதாவது ஒலி நின்ற பிறகும் நீடிக்கும் அதிர்வு, அடங்கும்வரை அதன் வாலை அடுத்த பகுதியின் அடியில் ஓடவிடுங்கள். வெட்டு காதுக்கே எட்டாது.

அப்புறம், ஒவ்வொரு ஷாட் மாறும்போதும் டிரம்ஸ் விழ வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு இடம் பொருந்தினால் போதும். அங்கேயும் இசை ஓரிரு ஃபிரேம் பிந்தி வரலாம், முந்தி வரக்கூடாது. அம்மாவின் முகம் தெரிவதற்கு முன்பே வயலின் எழுந்தால் அந்தக் காட்சி கெட்டுவிடும்.

வேலை தொடங்கும் முன் எடிட்டரிடம் படத்தின் ஃபிரேம் ரேட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 24 என்று வைத்துக்கொண்டு செய்த இசை, 23.976இல் ஓடும் படத்தோடு பத்து நிமிடத்தில் அரை நொடிக்கு மேல் விலகிவிடும். எடிட் முடிந்த பிறகும் இயக்குநர் நான்கு நொடியைக் குறைக்கத்தான் செய்வார். பகுதிகளுக்குப் பெயர் வைத்திருந்தால் இடையிசையில் ஒரு பாரை எடுத்துவிட்டு, மீதி ஒன்றரை நொடியை டெம்போவில் சரிக்கட்டி, அன்றைக்கே அனுப்பிவிடலாம். நன்றி, வணக்கம்.