பி16 எங்கே செல்லும், எங்கே செல்லாது

மதுரை நேயர்களுக்கு வணக்கம்.

வெற்றிலையோடு போயிலையை ஒரே கன்னத்தில் அடக்குகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. புண்ணும் பெரும்பாலும் அந்தக் கன்னத்தில்தான் வரும். சதை எடுத்துப் பார்த்து, புற்று என்று உறுதியானதும், “பி16 பார்த்தாச்சா டாக்டர்?” என்று உறவினர் கேட்கிறார்கள். கேள்வி சரி, இடம்தான் தப்பு.

பி16 ஒரு புரதம். செல் பெருக்கத்துக்கு பிரேக் போடுவது ஆர்பி என்னும் இன்னொரு புரதம். எச்.பி.வி. வைரஸ் அதை முடக்கினால் பி16 செல்லுக்குள் மண்டிவிடும். உள்நாக்குச் சதையிலோ (டான்சில்) தொண்டையை ஒட்டிய நாக்கின் பின்பகுதியிலோ வந்த புற்றில், 70 சதவீத செல்களாவது நன்றாகச் சாயம் ஏற்றால் ‘பாசிட்டிவ்’, அதாவது எச்.பி.வி.யால் வந்தது என்று எடுத்துக்கொள்வோம். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முற்றிய தொண்டைப் புற்று நோயாளிகளில் 3 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் எச்.பி.வி. இருந்தோரில் 82 சதவீதம், இல்லாதோரில் 57.

போயிலையால் வருகிற கன்னப் புற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே, புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது (5, 10 என்பவை எல்லைக்கோடுகள்), நெறிக்கட்டியின் உறையைக் கிழித்திருக்கிறதா என்பவைதான் பேசும். சாதாரண மைக்ராஸ்கோப்பே அதைச் சொல்லிவிடும். செல் தறிகெட்டுப் பெருகாமல் காக்கும் டிபி53 மரபணு கெட்டிருந்தால் போக்கு மோசம் என்று பல ஆய்வுகள் காட்டினாலும், அதை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றுவதில்லை. ஆரம்பக்கட்டக் கன்னப் புற்றுக்கு நகையை அடகு வைத்து மரபணுப் பரிசோதனை செய்வது வீண் என்பேன். பி.டி.எல்.-1 என்னும் புரதத்தை, முக்கியமாகத் திரும்பி வந்த அல்லது பரவிய புற்றுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) யோசிக்கும்போது பார்ப்போம். துணுக்கில் 100 புற்று செல்லாவது உயிர்ப்போடு இருந்திருக்க வேண்டும்.

பாதித் தவறு பாட்டிலிலேயே நடந்துவிடுகிறது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், துணுக்கைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் காக்கும் திரவம்), அகல வாய் பாட்டிலில் போட வேண்டும். அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் பஃபர் கலந்த 10 சதவீத ஃபார்மலின். கடைச் சரக்கை அப்படியே ஊற்றக் கூடாது. சலைனில் போட்டால் செல் அழுகும். 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் உள்ளே ஊறாது. சித்திரைத் திருவிழா விடுமுறையில் நாலு நாள் கிடந்தாலோ டி.என்.ஏ. துண்டு துண்டாகும், சாயமும் சரியாக ஏறாது. தாடை எலும்பை அமிலத்தில் ஊறவைத்தாலும் டி.என்.ஏ. போச்சு, மிருதுவான சதையைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, துணுக்கைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். புதுப் பரிசோதனைக்கு, எப்போதோ வெட்டிச் சாயம் ஏற்றாமல் வைத்த ஸ்லைடு வேண்டாம். நாளாக ஆக அதில் சாயம் மங்கலாகத்தான் ஏறும். பிளாக்கை வெயிலில் நிற்கிற வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.