ஆலை இல்லா ஊரின் எரிபொருள்

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, வயல் வேலையை விட்டு வந்திருக்கும் கமக்கார அமைப்புத் தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, முன்னால் பாயில் இருக்கிற செல்லங்களே, வணக்கம்.

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார்கள். எண்ணெய்க் கிணறு இல்லாத வன்னிக்கும் அது பொருந்தும். விதை எண்ணெய், புளித்து வரும் மதுசாரம், மாடு தின்ற புல் தரும் சாண எரிவாயு, இந்த மூன்று எரிபொருளையும் பார்ப்போம்.

பிள்ளைகளே, கச்சான் பருப்பொன்றை வெள்ளைக் கடதாசியில் வைத்து நசுக்குங்கள். பளபளவென்று ஒரு பொட்டு விழும். தண்ணீர்ப் பொட்டு காய்ந்துவிடும், இது காயாது. அதுதான் எண்ணெய். 1900ஆம் ஆண்டு பாரிஸில் பெரிய கண்காட்சி. அங்கே ஒட்டோ கம்பனியின் சின்ன டீசல் இயந்திரம் ஒன்று ஓடியது. என்ன ஊற்றினார்கள்? டீசலா? இல்லை. மண்ணெண்ணெயா? அதுவும் இல்லை. கச்சான் எண்ணெய்! கல்லெண்ணெய்க்கென்று செய்த இயந்திரம், ஒன்றையும் மாற்றவில்லை. அவ்வளவு சீராக ஓடியதால் வெகுசிலருக்கே விஷயம் தெரிந்ததாம். 1912இல் இதைச் சொன்னவர், அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடோல்ப் டீசலேதான். டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர், பிள்ளைகளே!

அதற்காக அப்பாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். தாவர எண்ணெய் தடிப்பானது. எரிபொருளைத் தூவும் இஞ்செக்டரின் நுண்துளையால் நன்றாகத் தூவாது, அரைகுறையாய் எரிந்து கரி படியும். மெதனோலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்துத்தான் அதை இளக்குகிறார்கள். மெதனோல் கண்ணைப் பறிக்கும் நஞ்சு. அது வகுப்பறைக்கு வேண்டாம்.

வகுப்பறைக்கு ஏற்றது மதுசாரம் தரும் புளிப்பு. அரை லீற்றர் போத்தலில் 200 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். கலக்கி, போத்தல் வாயில் பலூனை மாட்டினால் அரை மணித்தியாலத்துக்குள் அது நிமிரத் தொடங்கும். நீர் கொதிநீராய் இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். மூடி போட்டு இறுக்கினால் போத்தல் வெடிக்கும். ஆசிரியர்களே, பலூனுக்குள் எரிபொருள் என்று சொல்லிவிட வேண்டாம். அது காபனீரொட்சைட்டு. எரியும் மதுசாரம் நீரோடு கலந்து கீழே நிற்கிறது, வடித்துத்தான் எடுக்க வேண்டும். பனஞ்சாறு கள்ளாவதும் இப்படித்தான். சாறு இறக்கும் முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, இனிப்பான கருப்பணி கிடைக்கும்.

இலுப்பைப்பூவிலும் அந்தச் சீனி இருக்கிறது. விதையில் விளக்கெரிக்கும் எண்ணெய் இருக்கிறது. பூவும் விதையும் ஒரே மரத்தில்! ஆலை இல்லா ஊருக்கு வேறென்ன வேண்டும்? இலுப்பைக்கடவை, இலுப்பைக்குளம் என்று ஊருக்குப் பெயர் வைத்த நாங்கள் மரத்தையும் வைக்க வேண்டாமா? விதையைக் காயவிட்டால் முளைக்காது. பழம் விழுந்த கையோடு சதையைக் கழுவி, சில நாட்களுக்குள் ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாய் இறங்கும், ஆகவே நீளமான பை வேண்டும். காய்க்கப் பத்து வருடம் போல் ஆகும். பிண்ணாக்கைக் குளத்தில் கொட்டாதீர்கள், மீன் சாகும்.

பணிப்பாளர் அவர்களே, ஒவ்வொரு பாடசாலை வேலியோரமும் ஐந்து இலுப்பை. அடுத்த பழக்காலத்துக்கு முன் பைகளும் மண்ணும் தந்துதவுங்கள். சாண எரிவாயுவுக்கு நேரம் போதவில்லை. பிள்ளைகளே, மேசையில் பலூன் நிமிர்ந்துவிட்டது, வந்து பாருங்கள்.