சாக்கடைக்கு வாங்கிய கடன்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. பர்மிங்ஹாம் நகரம் அதற்குள்தான் வருகிறது. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட ஒரு மாவட்டம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணையம் அதை நடத்துகிறது. 2011 நவம்பர் 9 அன்று அந்த ஆணையம், எங்களால் கடனைக் கட்ட முடியாது என்று திவால் நீதிமன்றத்துக்குப் போனது. மொத்தக் கடன் ஏறக்குறைய 420 கோடி டாலர். அதில் 300 கோடிக்கும் மேல் பாதாளச் சாக்கடைக்காக வாங்கியது.

தொடக்கம் நல்ல காரியம்தான். மழை பெய்தால் பழைய குழாய்கள் தாங்காது. கழிவுநீர் அப்படியே கஹாபா ஆற்றிலும் பிளாக் வாரியர் ஆற்றிலும் போய்க் கலக்கும். 1993-இல் ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1996-இல் கவுண்டி ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் சரிசெய்கிறோம் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. குழாய் பதிக்கக் கடன் பத்திரங்களை விற்றுக் கடன் வாங்கினார்கள். வேலை நடந்தது, கூடவே லஞ்சமும் நடந்தது. ஒப்பந்ததாரர்கள், அதிகாரிகள், ஆணைய உறுப்பினர்கள் என்று பலர் பிற்பாடு தண்டனை பெற்றார்கள்.

கவுண்டியைக் கவிழ்த்தது அந்த லஞ்சம் மட்டுமல்ல. 2002, 2003-இல் எடுத்த ஒரு முடிவு அதைவிடப் பெரிது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டுக் கடனை நிலையான வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். மாதம் எவ்வளவு என்று தெரியும். ஒருவர் வந்து, மாறும் வட்டிக்குப் போங்கள், குறைவாக வரும் என்கிறார். ஏறிவிட்டால்? அதற்கு வங்கியோடு இன்னொரு ஒப்பந்தம்: நீங்கள் வங்கிக்கு நிலையான வட்டி கொடுங்கள், வங்கி உங்களுக்குச் சந்தை வட்டியைக் கொடுக்கும். இதற்கு வட்டிப் பரிமாற்றம் என்று பெயர். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஜெஃபர்சன் கவுண்டியும் இப்படித்தான் தன் கடனை மாறும் வட்டிக்கு மாற்றி, இந்த ஒப்பந்தங்களை, இருந்த கடனைவிடப் பெரிய தொகைக்குப் போட்டது. முக்கியமான வங்கி ஜேபி மோர்கன்.

2008 வந்தது. கடன் பத்திரங்களுக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனங்களின் தரம் சரிந்தது. அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை. கவுண்டி கொடுக்க வேண்டிய வட்டி சில பத்திரங்களில் 10 சதவீதத்தைத் தொட்டது. அதே நேரம் சந்தை வட்டி இறங்கியதால் வங்கியிடமிருந்து வரவேண்டியது சுருங்கியது. ஈடுகட்டும் என்று சொன்ன இரண்டும் இரண்டு பக்கமும் இழுத்தன.

இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை கையெழுத்தானபோது ஆணையத் தலைவராக இருந்தவர் லாரி லாங்ஃபோர்ட். கவுண்டியின் இந்தக் கடன் வேலைகளை ஒரு நிதி இடைத்தரகருக்குத் திருப்பிவிட்டு, அவரிடமிருந்து பணம், உயர்ந்த உடைகள், ரோலெக்ஸ் கைக்கடிகாரம் எல்லாம் வாங்கினார் என்று 2009-இல் தீர்ப்பாகி, 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவர் பர்மிங்ஹாம் மேயர். அதே ஆண்டு ஜேபி மோர்கன், இந்த ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 7.5 கோடி டாலர் கட்டியது, கவுண்டியிடமிருந்து வரவேண்டிய 64.7 கோடி டாலர் கட்டணத்தையும் கைவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சாக்கடைக் கணக்கு வேறு, கவுண்டியின் பொதுநிதி வேறு. சாக்கடைக் கடனைச் சாக்கடைக் கட்டணத்திலிருந்துதான் அடைக்க முடியும். பொதுநிதி தனியாக அடிவாங்கியது. அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தில் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு வரி இருந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவருமுன் முறைப்படி அறிவிப்பு வெளியிடவில்லை என்று 2011 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேறு வரி போட கவுண்டிக்குத் தன்னிச்சையான அதிகாரம் கிடையாது, மாநிலச் சட்டமன்றம் அனுமதிக்க வேண்டும். அனுமதி வரவில்லை.

அப்புறம் வெட்டு விழுந்தது. கிளை அலுவலகங்களை மூடினார்கள். கார் பதிவைப் புதுப்பிக்க வந்தவர்கள் நகர அலுவலகத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஏழைகளுக்கு என்றே இருந்த கூப்பர் கிரீன் மருத்துவமனையில் 2012 கடைசியோடு உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அந்த வரிசையில் நின்றவர்களோ, அந்தப் படுக்கையில் படுத்திருந்தவர்களோ எந்த வட்டி ஒப்பந்தத்தையும் பார்த்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை. ஆட்குறைப்பு என்றால் கூட்ட அரங்கம் நிரம்பிவிடுகிறது. கடன் பத்திரத்தை மாற்றிப் போடுகிறோம் என்று ஒரு வரி நிகழ்ச்சிநிரலில் வந்தால் யார் போகிறார்கள்? கேள்வி கேட்க வேண்டிய நாள் அதுதான்.

2013 டிசம்பரில் கவுண்டி திவாலிலிருந்து வெளியே வந்தது. கடன் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 140 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள், அதில் பெரும்பங்கு ஜேபி மோர்கனுடையது. மீதிக்குப் புதுப் பத்திரங்கள். சாக்கடைக் கட்டணம் முதல் நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 7.41 சதவீதம், பிறகு 3.49 சதவீதம் கூடும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1997-இலிருந்து பத்துப் பதினோரு ஆண்டுகளில், அந்தக் கட்டணம் நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

கட்டணம் கட்டும் மக்களில் சிலர் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். லஞ்சத்தில் பிறந்த கடனை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, பத்திரங்களும் விற்றாகிவிட்டன, இனி அதைக் கலைக்க முடியாது என்று சொல்லி வழக்கை முடித்தது. அந்தப் பத்திரங்கள் 2053 வரைக்கும் என்று எழுதப்பட்டவை.

நன்றி, வணக்கம்.