கரிசலைக் கரிசலாக எடுக்க

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. சனிக்கிழமை பிற்பகலில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கவும் அதைக் கணினியில் திருத்தவும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருகிறார்கள். எங்களிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேமரா, என் செல்போன், இரண்டு பழைய மடிக்கணினிகள். அதில் ஒன்று, அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் பழைய மாணவி ஒருத்திக்குக் கிடைத்தது. அவள் படித்து முடித்து, அவள் தங்கை படித்து முடித்து, இப்போது எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. அதில் கிம்ப் என்ற, படம் திருத்தும் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். 1995-இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கியது அது. இன்றுவரை யாரும் காசு கொடுக்க வேண்டாம். எங்களைப் போன்ற பள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் வகுப்பில் நான் கேமராவைப் பற்றிப் பேசுவதே இல்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பருத்திக்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. நம் கரிசல் மண் ஈரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராவை, வெளிச்சத்தைத் தானே முடிவு செய்யும் ஆட்டோ மோடில் வைத்து, வேறு எதுவும் தெரியாதபடி மண் மட்டும் நிறைய ஒரு படம் எடுக்கச் சொல்கிறேன். அப்புறம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதுவும் படம் முழுக்க நிறைகிற மாதிரி எடுக்கச் சொல்கிறேன். கடைசியாக சிமெண்டுச் சுவர்.

மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். மண் சாம்பல், வேட்டி சாம்பல், சுவரும் சாம்பல். “டீச்சர், கேமரா ரிப்பேரா?” என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். ரிப்பேர் இல்லை. கேமராவுக்கு எதிரில் இருப்பது மண்ணா வேட்டியா என்று தெரியாது. வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. உலகத்தைச் சராசரியாகப் பார்த்தால் நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று எண்ணித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று புகைப்படக்காரர்கள் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கருப்பைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று அது கூட்டிவிடும். வெள்ளையைக் காட்டினால் அதிகம் என்று குறைத்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? மண்ணை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, மைனஸ் பக்கம் நகர்த்த வேண்டும். வேட்டிக்கு பிளஸ் பக்கம். செல்போனில் என்றால் திரையைத் தொட்டதும் ஒரு சின்னச் சூரியன் வரும், அதை மேலும் கீழும் இழுத்தால் போதும். மறுபடி எடுத்த படத்தில் மண் கரிசலாக வந்து நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தங்கள் ஊர் மண்ணை முதல் முறையாகச் சரியாக எடுத்த சந்தோஷம் அது.

இதை ஏன் முதல் பாடமாக வைத்தேன் என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பொதுத்தேர்வுக்காக ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொண்டு வந்து கொடுத்தாள். படத்தில் இருந்த முகம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. மூக்கின் பக்கத்து நிழல் இல்லை, கன்னத்து மச்சம் இல்லை. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். “டீச்சர், ஹால்ல வர்ற சார் இது நான் இல்லைன்னு சொல்லிருவாங்களா?” என்று கேட்டாள். பரீட்சைக்கு வேர்க்க வேண்டிய பிள்ளை, தன் முகம் தன்னுடையதுதானா என்று வேர்த்துக்கொண்டு நின்றது. அவளை யாரும் கேட்டு வெள்ளையாக்கவில்லை. வழக்கமாகச் செய்வதைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலும் “நல்லா வந்திருக்கு” என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாரமே இந்த வகுப்பைத் தொடங்கினேன்.

கருப்பு முகம் போட்டோவில் சரியாக வராது என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். கொஞ்சம் தேடிப் படித்தபோது வேறு கதை தெரிந்தது. கலர் பிலிம் காலத்தில், படத்தை அச்சிடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் நிறம் சரியாக வந்தால் மெஷின் சரி. மற்றவர்களின் தோல் எப்படி வருகிறது என்று யாரும் சரிபார்க்கவில்லை. அடர்ந்த பழுப்பு நிறங்கள் பிலிமில் சரியாக வருவதில்லை என்று மர நாற்காலி, மேசை விற்கிற கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் முறையிட்ட பிறகுதான் அந்தக் கம்பெனி அதில் கவனம் செலுத்தியது என்பது பதிவாகியிருக்கிற செய்தி. பல நிறத்துப் பெண்களும் இருக்கிற அட்டை வருவதற்கு 1990-கள் ஆயிற்று. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், “அப்ப எங்க ஆத்தா கல்யாணப் போட்டோல கண்ணும் பல்லும் மட்டும் தெரியிறது ஆத்தா தப்பு இல்லையா டீச்சர்?” என்று கேட்டான். இல்லடா, ஆத்தா மேல எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னேன்.

இன்றைக்குச் செல்போன் கேமரா எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனால் பல போன்களில் பியூட்டி என்ற ஒன்று, நாம் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருக்கும். முகத்தை வழுவழுப்பாக்கும், நிறத்தைக் கூட்டும். ஆகவே என் வகுப்பில் இரண்டாவது நாள் வேலை, அந்த அமைப்பைத் தேடிப் பிடித்து அணைப்பது. வீட்டுக்குப் போய் அப்பா போனிலும் அம்மா போனிலும் அணைத்துவிட்டு வரச் சொல்வேன். இங்கே வந்திருக்கும் பெற்றோர்களில் சிலருக்கு அது நடந்திருக்கும்.

அணைத்த பிறகு என்ன? வெளிச்சத்தைத் தேட வேண்டும். எடிட்டிங் என்றால் பிள்ளைகள் உடனே கணினிக்கு ஓடுகிறார்கள். நான் வராந்தாவுக்குத் துரத்துகிறேன். மதிய வெயிலில் வெள்ளைச் சுவரின் முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்தி எடுத்தால், கேமரா சுவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டில் தள்ளிவிடும். அதே பிள்ளையை வகுப்பறை வாசலில், வெயில் நேராகப் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் வகுப்பறை இருட்டாக இருக்கட்டும். கருப்புத் தோலில் வெளிச்சம் படுகிற அழகு அப்போது தெரியும். கன்ன எலும்பில் ஒரு மினுமினுப்பு, நெற்றியில் ஒரு கோடு, கண்ணுக்குள் வாசலின் சின்னச் சதுரம். எண்ணெய் தேய்த்த தேக்குக் கதவில் காலை வெயில் படுகிற மாதிரி. இதற்கு எந்த ஃபில்டரும் வேண்டாம்.

அப்புறம்தான் கணினி. பிக்சல் என்றால் என்ன என்பதற்குப் புள்ளிக் கோலம் போடுகிற பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் போட்டோவைக் கணினிக்குள் ஏற்றினார். 176-க்கு 176 கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டம்தான் பிக்சல். ஒவ்வொரு கட்டமும் ஓர் எண். நாங்கள் கிராஃப் தாளில் 0 என்றால் முழுக்கருப்பு, 255 என்றால் முழுவெள்ளை என்று வைத்துக்கொண்டு பென்சிலால் ஒரு கண்ணை வரைவோம். ஒரு பீரியடு முழுக்க ஓடிவிடும். ஆனால் அதன் பிறகு படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைக் காட்டினால் பயமில்லாமல் படிக்கிறார்கள். மேடு இடப்பக்கம் குவிந்திருந்தால் இருட்டு அதிகம், வலப்பக்கம் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளை வெளுத்துப்போய் விவரம் போய்விட்டது. போன விவரத்தை எந்த மென்பொருளாலும் கொண்டு வர முடியாது. வெள்ளையடித்த முகத்தில் மச்சம் போனது இப்படித்தான்.

கர்வ்ஸ் என்ற கருவியை மட்டும் மூன்று வாரம் சொல்லிக் கொடுக்கிறேன். மற்றக் கருவிகளை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள், நம்மைவிட வேகமாக. கர்வ்ஸில் நிழலைக் கொஞ்சம் தூக்கலாம், வெளிச்சத்தைத் தொடாமல் விடலாம். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது மற்ற இடத்தில் மாற்றம் படாமல் மறைத்து, கேமரா இருட்டில் தள்ளியதை மீட்டு எடுக்கலாம். எங்கே நிறுத்துவது என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். படத்தில் இருக்கிற ஆளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள் என்பேன். அவள் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல். அந்த நிறம் வந்ததும் நிறுத்து.

இரண்டு விதி உண்டு. மூலப்படத்தின் மேல் எழுதக் கூடாது, நகலில்தான் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், படத்தில் இருப்பவரிடம் காட்டினேனா.

இந்த நோட்டால் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. கோயில் கோபுரத்தை எடுத்துவந்த ஒரு பையன், குறுக்கே போன மின்கம்பியை அழித்திருந்தான். இன்னொருவன் அதே கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவை அழித்திருந்தான். யாசகம் கேட்கிறவர். “படம் சுத்தமா இருக்கணும்னு எடுத்தேன்” என்று நோட்டில் எழுதியிருந்தான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கம்பியை அழிக்கலாம், ஆளை அழிக்கக் கூடாது என்றது ஒரு பக்கம். கம்பியும் அங்கே இருந்ததுதானே என்றது மறுபக்கம். 1982 பிப்ரவரி இதழின் அட்டையில் நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை, செங்குத்தான அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளை நெருக்கி வைத்தது. கடும் கண்டனம் வந்தது. அதைச் சொன்னேன். அப்போது பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “அந்த அம்மா கிட்ட போய், உங்கள அழிச்சிட்டேன்னு சொல்ல முடியுமா? கம்பிகிட்ட சொல்ல வேண்டியதில்லையே” என்றாள். அதற்கு மேல் என்னால் நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த வாரம் அந்தப் பையன் மறுபடி போய், அந்த அம்மாவிடம் கேட்டு, அவரையே நடுவில் வைத்து எடுத்து வந்தான். கோபுரம் பின்னால் மங்கலாக இருந்தது.

பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். பெண்பிள்ளை படத்தை எவனாவது மார்ஃபிங் செய்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தாலேயே இந்த வகுப்பு வேண்டும் என்கிறேன். ஒரு தலையை வேறு உடலில் ஒட்டுவது எத்தனை சுலபம் என்று ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கும் லேயர் போடத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும். கழுத்தோரம் நிழல் பொருந்தாமல் இருப்பதும் அவள் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட, அது எவனோ செய்த குற்றம், தனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று தெரியும். இப்போது செயற்கை நுண்ணறிவில் நிழல்கூடப் பொருந்தி வருகிறது. அதனால் கண்ணை மட்டும் நம்பச் சொல்வதில்லை. 1930 சைபர் குற்ற உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண் இரண்டும் எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் எடுத்த படத்தில் இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கலாம் என்பதைக் காட்டி, கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணைக்கச் சொல்கிறோம். தயவுசெய்து, இப்படி ஒன்று நடந்துவிட்டால் பிள்ளையிடம் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்குவீர்கள் என்ற பயத்திலேயே அவர்கள் நம்மிடம் சொல்லாமல் விடுகிறார்கள்.

இதெல்லாம் படித்து வேலை கிடைக்குமா என்று ஓர் அப்பா கேட்டார். சிலருக்குக் கிடைக்கும். கல்யாண வீட்டு போட்டோவும் வீடியோவும் நம் பக்கத்தில் நல்ல தொழில்தான். மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த புகைப்படக்காரர் பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமாக்கி, 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். தயானிதா சிங் ஒரு புகைப்படக் கலைஞர், பாரி என்பது கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்யும் இணையதளம். முதல் ஆளாக அந்த விருதைப் பெற்றவர் பழனிகுமார்தான். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவும் சொல்லிக் கொடுக்கிறார். அப்படி ஒருவர் நம் வகுப்பிலிருந்தும் வரலாம். ஆனால் வேலைக்காக மட்டும் நான் இதைச் செய்யவில்லை என்பதை அந்த அப்பாவிடம் சொன்னேன்.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாவை எடுத்து வந்தான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வந்து, சாயங்காலம் வாசப்படியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் மருந்துக் கறை. படத்தில் அந்தக் கை தெளிவாக இருக்கிறது. நோட்டில் எழுதியிருந்தான்: “நிழலை கொஞ்சம் தூக்கினேன். அம்மா முகம் இருட்டா இருந்துச்சு. நிறத்தை மாத்தல. அம்மாகிட்ட காட்டினேன். இது நான்தானா, இவ்வளவு நல்லா இருக்கேனான்னு கேட்டாங்க.”

அந்தப் படமும் மற்றப் பிள்ளைகளின் படங்களும், படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தோடு, கூடத்துக்கு வெளியே கயிற்றில் மாட்டியிருக்கிறோம். போகும்போது நின்று பாருங்கள், எடுத்த பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள், கேள்வி கேளுங்கள். இன்னொன்று. உங்கள் வீட்டில் திரை விரிசல் விட்ட பழைய செல்போன் மேசைக்குள் கிடந்தால், கேமரா வேலை செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வேலை செய்தால், உள்ளே இருக்கிற உங்கள் படங்களையெல்லாம் அழித்துவிட்டு எங்களுக்குக் கொடுங்கள். இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரே கேமராவைச் சுற்றி நிற்கிறார்கள்.