கறந்த பால் யாருக்கு?

(உலகப் புகைப்பட நாளை ஒட்டித் தஞ்சாவூரில் நடந்த புகைப்படக்காரர்கள் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வழக்கறிஞர் அவர்களே, வணக்கம். முன்வரிசையில் என் ஆசான் உட்கார்ந்திருக்கிறார். இங்கிருக்கும் பாதிப் பேருக்கு, ஃபிலிம் கழுவும் டார்க் ரூமில் கைபிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். பொன்னாடை வேண்டாம் என்று சொன்னவருக்கு வற்புறுத்திப் போட்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ள வேண்டும். காலையில் திருவையாற்றில் நிச்சயதார்த்தம் முடித்துவிட்டுக் கேமரா பையோடு நேரே வந்து கடைசி வரிசையில் இருக்கும் தம்பிகளுக்குத் தனி வணக்கம்.

1839 ஆகஸ்ட் 19-ஆம் தேதி பாரிஸில் டாகுரே என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறையைப் பொதுவில் அறிவித்தார்கள். அதனால்தான் இன்று நமக்கு விழா. கூலி, நேரம், கலை என்று மூன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் தம்பிகள் எல்லோரிடமும் ஒரு குமுறல் இருக்கிறது. "அண்ணே, கல்யாணம் எடுத்தே கண்ணு மரத்துப்போச்சு, நான் ஆசைப்பட்டது இதுக்கில்ல" என்கிறார்கள். நியாயமான குமுறல்தான். ஆனால் நம் பெரியவர்கள் ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். கல்யாண வீட்டில் ஐயர் கெட்டிமேளம் சொன்ன அந்த நொடிதான் நம் கையில் இருக்கிறது. தாலி ஏறும் நேரத்தில் நாற்பது செல்போன் குறுக்கே நீண்டாலும் படம் விழுந்தாக வேண்டும். கல்லணையில் விடியற்காலை வெளிச்சத்துக்குக் காத்திருப்பது வேறு வேலை, அங்கே அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே கேமராதான், கை வேறு.

பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணம். மணப்பெண் அறையில் பெண்ணுக்குப் பூ ஜடை தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்தது பெண்ணின் பாட்டி. ஆள் குள்ளம், பேத்தி உயரம். ஒரு மணையைப் போட்டு அதன்மேல் நின்று, நூலைப் பல்லில் கடித்து இழுத்து, ஒவ்வொரு மல்லிகையாகப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறார். கொல்லைக் கதவு பாதி திறந்திருக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் வந்து அந்தச் சுருங்கிய விரல்மேலும் ஊசிமேலும் விழுகிறது. வீடியோ தம்பியிடம் லைட்டை அணைக்கச் சொன்னேன், அணைத்தார். ஃபிளாஷைக் கழற்றிவிட்டு ஐம்பது எம்எம் லென்ஸை மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து தாய்மாமன் குரல்: "தம்பி, சீர்த்தட்டு வாசல்ல வந்து நிக்குது. இங்க பாட்டியைப் புடிச்சிக்கிட்டு என்ன பண்றீங்க? அதுக்கா பணம் குடுத்தோம்?" பாட்டி திரும்பவே இல்லை. வாயில் நூலோடு, "அவனை விடுடா, அவன் வேலையை அவன் பாக்குறான்" என்றார். அந்த நேரத்தில் எடுத்தேன். எடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன், சீர்த்தட்டும் எடுத்தேன்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் படத்தைத் தள்ளிவிட்டார்கள். பெண் முகம் தெரியவில்லையாம். சரி, அவர்கள் ஆல்பம், அவர்கள் விருப்பம். மொத்தப் படத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சில வருஷம் கழித்து, டீ குடிக்கப் போன கடையில் ஒரு நகைக்கடை காலண்டர் தொங்குகிறது. அதில் அந்தப் பாட்டி! அந்த ஊசி, அந்த வெயில், எல்லாம் இருக்கிறது. எடுத்தவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. கடையில் போய்க் கேட்டேன். "கல்யாண வீட்டுக்காரர் கொடுத்தார் சார், அவர் படம்தானே" என்றார்கள்.

சட்டப்படி அவர்கள் சொன்னது சரி என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆடியும் கறந்தோம், பாடியும் கறந்தோம், கறந்த பால் யாருக்குப் போகிறது என்று நாம் கேட்கவே இல்லை. தம்பிகளே, நம் குமுறலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நம் நல்ல படங்களில் பாதி கல்யாண வீட்டில்தான் பிறந்திருக்கின்றன. பெயரில்லாமல் கிடப்பதால் அவற்றை நாமே கலை என்று எண்ணுவதில்லை.

1858-இல் நம் பெரிய கோயிலுக்கு லின்னேயஸ் டிரைப் என்ற கேப்டன் வந்தார். மதராஸ் அரசாங்கத்துக்குச் சம்பளத்துக்குப் படம் எடுத்தவர். அவரும் இன்னொருவர் சொன்ன வேலைக்குத்தான் வந்தார். அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அடி அடியாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் அவர் பெயரோடு இருக்கின்றன. நாம் எடுத்த பாட்டிகளும் ஒருநாள் அப்படிப் பெயரோடு சுவரில் தொங்க வேண்டாமா?

அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு நம் பக்கம் இருக்கிறது. உரிமை கைமாறினாலும் "இதை எடுத்தது நான்" என்று சொல்லும் உரிமை எடுத்தவருக்கே உண்டு. 17-ஆம் பிரிவின் "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்ற வாசலும் திறந்தே இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: பதிப்புரிமை எடுத்தவருக்கு, குடும்பம் தன் தேவைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்கு என்றால் எடுத்தவர், குடும்பம் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும், படத்தோடு பெயரும் வேண்டும். கல்யாண வீட்டார் சம்மதமில்லாமல் அவர்கள் முகத்தை நாமும் எங்கேயும் போடக்கூடாது. இதில் ஒளிவுமறைவு வேண்டாம், மாமனிடமும் பெண்ணிடமும் நேராகப் படித்துக்காட்டுங்கள்.

ஆவணி பிறந்துவிட்டது, இனி முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். ஒப்பந்த மாதிரி வாசல் மேஜையில் இருக்கிறது. இரண்டு பக்கம், தமிழில் இருக்கிறது. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம், சாப்பாடு முடியும்வரை வழக்கறிஞர் இங்கேதான் இருப்பார்.