கோபுரம் இல்லாத இடத்தில் யாரிடம் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு வைஃபையில் இருக்கும்போது செல்போனில் பிரிண்ட் என்று தொட்டால் பக்கத்து அறை பிரிண்டரின் பெயர் தானாக வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். "பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று போன் பொதுவாக ஒரு குரல் கொடுக்கிறது, பிரிண்டர் "நான் இருக்கிறேன்" என்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் அந்த வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டாது.

சரி, இப்போது ரவுட்டரை எடுத்துவிடுங்கள், செல்போன் கோபுரத்தையும் எடுத்துவிடுங்கள். நிலநடுக்கம் வந்த இடம் என்று வையுங்கள். மீட்புப் பணியாளர்களின் கையில் இருக்கும் கருவிகளே ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்த வேண்டும், ஆட்கள் நடக்க நடக்க யாருக்கு யார் பக்கத்தில் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவரிடம் செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறது. யாரிடம்? ஆளைச் சொன்னால் வழி கண்டுபிடித்துத் தர 2003-லேயே ஏஓடிவி (AODV) போன்ற நெறிமுறைகள், அதாவது கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள், வந்துவிட்டன. ஆளே தெரியாதபோது என்ன செய்வது என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி.

எல்லாரிடமும் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டவர் எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னால் அலைவரிசை அடைத்துக்கொள்ளும், செய்திகள் மோதிச் சிதையும், பேட்டரியும் காலி. 1999-இல் தைவான் ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஒரு செய்தியை ஒரு தடவை கேட்டுவிட்டு நீங்கள் திருப்பிச் சொன்னால், அது புதிதாக எட்டும் பரப்பு, உங்கள் குரல் எட்டும் மொத்தப் பரப்பில் சராசரியாக 41 சதவீதம்தான், எவ்வளவு முயன்றாலும் 61-ஐத் தாண்டாது. அதே செய்தி நாலு பக்கத்திலிருந்து ஏற்கெனவே உங்கள் காதில் விழுந்திருந்தால்? 5 சதவீதம்கூடத் தேறாது! அதாவது நாலு முறை கேட்டவர் பேசாமல் இருப்பதே உதவி. திரும்பவும் சொல்கிறேன், இந்த நெட்வொர்க்கில் பேசாமல் இருப்பதும் ஒரு வேலை.

அப்புறம், கேட்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கலாம். ஏஓடிவி வழி தேடும்போது முதலில் ஒரு தாவல் தூரம், அதாவது பக்கத்துக் கருவி வரை மட்டும், பதில் இல்லையென்றால் 3 தாவல், பிறகு 5, 7, அதற்கும் மேல்தான் நெட்வொர்க் முழுக்க. செயற்கைக்கோள் இணைப்பு போன்ற ஒரு சேவை யாரிடம் இருக்கிறது என்று தேடவும் இதே உத்தி பொருந்தும். ஒரே சேவை பலரிடம் இருந்தால் அருமையாக வேலை செய்யும். ஒரே ஒருவரிடம், அதுவும் கடைக்கோடியில் இருந்தால், அத்தனை சுற்றும் வீண். இன்னொன்று, சேவை எங்கே என்ற கேள்வியை வழி தேடும் செய்தியிலேயே ஏற்றி அனுப்பினால் ஒரே பரப்பலில் ஆளும் கிடைப்பார், வழியும் கிடைக்கும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான பாதை.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிடைத்த பதிலை நடுவில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் காலக்கெடு போட்டுத்தான், ஏனென்றால் அந்த ஆள் நகர்ந்து போயிருப்பார். "என்னிடம் இருக்கிறது" என்று பொய் சொல்லும் கருவியை எப்படிப் பிடிப்பது என்பது தனி உரைக்கான விஷயம். நன்றி, வணக்கம்.