அலை கொழித்த கருமணல்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டால் கடற்கரைகளில் அலை வடிந்த ஈரமணல்மீது மைதீட்டியதுபோல் கறுப்பு வரிகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அழுக்கென்று ஒதுங்கி நடக்கும் அவ்வரிகள், இல்மனைட், ரூட்டைல், சிர்கான் முதலிய கனத்த கனிமங்கள் சேர்ந்த தாது.

கண்டத்தின் விளிம்பில் தாது திரள்வதை விளக்கப் படம் வேண்டியதில்லை. என் பாட்டி அரிசியில் கல் அரித்த விதமே போதும். சட்டியில் நீர் ஊற்றி, மெல்ல ஆட்டி ஆட்டி அரிசியை நீரோடு அடுத்த பாத்திரத்தில் சாய்ப்பார். கடைசியில் கல் மட்டும் அடியில் தங்கும். அலையும் அப்படித்தான். ஏறும்போது வலுவோடு எல்லாவற்றையும் அள்ளிவருகிறது. இறங்கும்போது வலுக்குன்றி, வெண்மணலை மட்டும் இழுத்துப்போகிறது. வெண்மணல் நீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனமென்றால், இல்மனைட் நாலரை மடங்குக்கு மேல். மறுபடியும் சொல்கிறேன்: கடல் தாதுவை உண்டாக்குவதில்லை, கொழித்துத் தருகிறது. பிறகு காற்று அதை மணல்மேடாகக் குவிக்கிறது; நேட்டாலின் வடகரையிலுள்ள ரிச்சர்ட்ஸ் பேயில் தோண்டப்படுவது அத்தகைய மேடுகளே.

உண்டாக்கியது யார்? ஏறக்குறைய 110 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்றைய நிலத்துண்டொன்றின் தென்விளிம்பில் இன்றைய நேட்டாலின் அடிப்பாறைகள் மோதி ஒட்டிக்கொண்டன. அப்பாறைகளும், கோண்டுவானா என்னும் பழைய பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கிய காலத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், டிராக்கன்ஸ்பெர்க் மலையில் வழிந்துறைந்த எரிமலைக்குழம்பும் தேய்ந்து தூளாக, துகெலா முதலிய ஆறுகள் அதைக் கடலில் சேர்த்தன.

இங்கே எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னைநாரில் மணல் ஒட்டியிருந்தது. சரக்கோடு வந்த தூசியென்று எவரும் உதறிவிடக்கூடிய அந்த மணலில், ஒரு வேதியியலாளர் மோனசைட் என்னும் கனிமத்தின் மணிகளைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியமோ அந்நாளைய எரிவாயு விளக்கின் வலைக்கு, நம் வீட்டுத் திருமணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் வலைக்கும்தான், ஒளி தந்த பொருள். நாரில் ஒட்டிய மணலைத் தேடிப்போனவர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கோண்டுவானாவில் இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலில் வந்திறங்கிய நம் முன்னோர், பிரிந்துபோன அந்நிலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மற்றொரு விளிம்புக்கு வந்தவர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

நேரம் முடிகிறதென்று கையசைக்கிறார்கள். நேட்டாலின் வடகரையிலுள்ள செயிண்ட் லூசியா ஏரியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. அதன் கிழக்குக்கரை மணல்மேடுகளைத் தோண்ட 1996இல் அரசு இசையவில்லை. 1999இல் அப்பகுதி உலகப் பாரம்பரியக் களமாயிற்று. தாது அங்கே மரங்களின் வேருக்கடியில் அப்படியே இருக்கிறது. வணக்கம்.